அருமைநாயகம் பூசிய சுவர்

நேசகுளத்துக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்றிருந்த சுவர் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இடத்தைவிட்டு எழுந்து, குளத்தங்கரை வழியாக நடந்து, ஆலயத்துக்குள் புகுந்து நின்றபோது ஊர் அதற்காக அதிர்ந்து போகவில்லை. ஊர் முந்தின நாள் சாயங்காலமே அதிர்ந்து முடித்திருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு விஷயத்துக்கு அதிர யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? அந்த முதல் அதிர்ச்சியைக் கொடுத்தவள் லில்லி புஷ்பம். புருஷனை எங்கே அடக்கம் பண்ணுவது என்று சபைக் கமிட்டி சொன்னதற்கு அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நேசகுளத்தில் இரண்டு தெரு. மேலத்தெருக்காரர்களின் பாட்டன்மாரும் கீழத்தெருக்காரர்களின் பாட்டன்மாரும் ஒரே குளத்தில், ஒரே வெள்ளைக்காரப் பாதிரியார் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். வாங்கிவிட்டுக் கரையேறியதும் அவரவர் தெருவுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். ஆலயத்தில் வலதுபக்கப் பெஞ்சு மேலத்தெருவுக்கு, இடதுபக்கப் பெஞ்சு கீழத்தெருவுக்கு. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்காததால் யாராலும் அழிக்கவும் முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் செத்தவர்கள் இடம் தெரியாமல் குழம்பிவிடுவார்களோ என்று ஒரு சுவர் இருந்தது. முழங்கால் உயரம் இருந்த அந்தச் சுவரை ஆள் உயரத்துக்கு எடுத்துக்கட்டி, இருபக்கமும் கண்ணாடி மாதிரி பூசிக் கொடுத்தவர் அருமைநாயகம் கொத்தனார். அப்போது அவருக்கு மீசை அரும்பியிருந்த வயது. கட்டச் சொன்னவர் அவருடைய அண்ணன் ஏசுவடியான், அப்போதுதான் கமிட்டிக்குள் நுழைந்திருந்தார், பிறகு வெளியே வரவே இல்லை.

அருமைநாயகத்துக்குப் பாடகர் குழுவில் ஒரு சிநேகிதர் இருந்தார், கீழத்தெரு மாசிலாமணி. இரண்டு பேரும் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பாடியவர்கள். மாசிலாமணி இறந்தபோது வழக்கப்படி மேலத்தெருக்காரர்கள் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். நெட்டையான அருமைநாயகம் மட்டும் சுவருக்கு மேலே தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மண் போடும் நேரத்தில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிச் சுவருக்கு மேலாக வீசினார். அது குழிவரை போய்ச் சேரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னார். "லில்லி, நான் பூசினதுலயே நல்ல பூச்சு அந்தச் சுவருதான். அதை நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு. என் கையால போட்டது, செத்தாவது நான் அதைத் தாண்டணும். என்னைய மாசிலாமணி பக்கத்துல வச்சிரு."

அவர் வியாழக்கிழமை மத்தியானம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இறந்துபோனார். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. லில்லி புஷ்பம் அழுது வீங்கிய முகத்தோடு வந்து, புருஷன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"தம்பி ஏதோ வேதனையில சொல்லியிருப்பான்" என்றார் ஏசுவடியான். "அதுக்காக நம்ம வழக்கத்தை மாத்த முடியுமா?"

"வேதனையில சொல்லல அத்தான். தெளிஞ்ச புத்தியோடதான் சொன்னாங்க."

"இங்க பாரு, விசுவாசம் வேற, வழக்கம் வேற."

"எனக்கு ரெண்டு தெரியாது அத்தான். சின்னதுல இருந்து எனக்கு ஒண்ணுதான் சொல்லித் தந்திருக்கீங்க. திருவிருந்துல எல்லாரும் ஒரே பாத்திரத்துல குடிக்கோம், ஒரே மண்ணுல படுத்தா என்ன? அந்தப் பக்கம்தான் வைப்பேன். இந்தப் பக்கம் மாட்டேன்."

கமிட்டியில் ஒருவர் நையாண்டியாக, அப்படியானால் நாளைக்குக் கீழத்தெருவில் பொண்ணும் கொடுப்பியோ என்று கேட்டார். நல்ல பையனா இருந்தா ஏன் கொடுக்கக் கூடாது என்று லில்லி புஷ்பம் சொன்னாள். யார் கையிலிருந்தோ டம்ளர் விழுந்தது.

அன்று இரவு மேலத்தெருவில் ஒரு வீட்டிலும் சோறு ஒழுங்காக வேகவில்லை. சொன்னது அவள்தானா, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கடைசி பெஞ்சில் உட்காரும் லில்லி புஷ்பமா, மூத்தவர்கள் தெருவில் வந்தால் சுவரோரமாக ஒதுங்கி நிற்கும் லில்லி புஷ்பமா, அவள் வாயில் அந்த வார்த்தை எத்தனை நாளாக ஊறிக்கொண்டிருந்தது, நம் வீட்டுப் பெண்கள் வாயிலும் அப்படி ஏதாவது ஊறிக்கொண்டிருக்கிறதா என்று ஆண்கள் தட்டைப் பார்த்தபடி யோசித்தார்கள், பெண்கள் அவர்களை நிமிர்ந்து பார்க்காமல் பரிமாறினார்கள். அருமைநாயகம் தம் வீட்டு முன்னறையில் வாடகை ஐஸ் பெட்டிக்குள் கண்ணாடி மூடிக்குக் கீழே படுத்திருந்தார். பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலையில்தான் சுவர் வந்தது. மணியடிக்கப் போனவர் பார்த்துவிட்டு, முதலில் மணியை அடித்து முடித்தார், அப்புறம்தான் ஏசுவடியானிடம் போய்ச் சொன்னார். வாசற்படியில் தொடங்கி நடுப்பாதை நெடுகப் போய், பீடத்தையும் நடுவே அறுத்துக்கொண்டு, பின்சுவர் வரைக்கும் அது நின்றது. அருமைநாயகத்தின் பூச்சு என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த மழமழப்பு வேறு யாருக்கும் வராது. கமிட்டிக்காரர்கள் வந்து தட்டிப் பார்த்தார்கள், வலதும் இடதும் சரிசமமாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், எப்படியும் இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள், பெரிய இடைஞ்சல் ஒன்றும் இல்லை என்றார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே கவலை கல்லறைத் தோட்டத்தைப் பற்றித்தான், அங்கே இப்போது சுவர் இல்லாமல் வெறும் மண் கிடந்தது. ஆகவே வெயில் ஏறுவதற்குள் சுவர் இருந்த இடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கமுகுக் கம்பு நட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு தென்னங்கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை சுவர் வீடுகளுக்கு வந்தது. மேலத்தெரு வீடுகளுக்கு மட்டும். ஒரே சுவர் எப்படி எல்லா வீட்டிலும் நிற்கும் என்று கேட்கக் கூடாது. ஊரில் இருந்தது ஒரே சுவர்தான், அது எல்லா வீட்டிலும் நின்றது. புருஷன் இந்தப் பக்கமும் பெண்டாட்டி அந்தப் பக்கமும், கட்டில் ஒரு பக்கமும் மெத்தை ஒரு பக்கமும், டிவி ஒரு பக்கமும் ரிமோட் ஒரு பக்கமுமாக அது நின்றது. தெருவுக்கு வந்தால் இரண்டு பேரும் முகத்தோடு முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம், வீட்டுக்குள் போனால் அவரவர் பக்கத்துக்குத்தான் போக முடியும். முன்வாசலில் வெளியேறிப் பின்வாசலில் நுழைந்தாலும் கிளம்பின பக்கத்துக்கே வந்து நின்றார்கள். மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. தட்டைச் சுவருக்கு மேலே எட்டிக் கொடுத்தார்கள், குழம்புச் சட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள், புதுச் சுவரில் ஆணியடித்துத் தினவசனக் காலண்டரை மாட்டினார்கள். குறட்டைச் சத்தம் குறைந்திருக்கிறது என்று சில பெண்கள் திருப்திகூடப் பட்டார்கள். ஏசுவடியான் வீட்டில் அவர் முன்பக்கமும் அவர் மனைவி கனகபாய் சமையலறைப் பக்கமும் ஆனார்கள்.

லில்லி புஷ்பம் வீட்டுக்கு மட்டும் சுவர் வரவில்லை. இதுவும் ஊருக்குக் குத்தலாகத்தான் இருந்தது. பிடிவாதக்காரி வீட்டில் மட்டும் காற்று இப்படி வீசுகிறதே என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சுற்றிலும் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஐஸ் பெட்டியைக் காட்டி, இன்னும் எத்தனை நாள் இப்படிப் போட்டு வச்சிருப்பே, பாவம் இல்லையா என்று கேட்டார்கள். பாவம் என்ற வார்த்தையை அவர்கள் அவளிடம் அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியது அவளுக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை. போதகர் இளவயதுக்காரர், மே மாதம்தான் மாற்றலாகி வந்திருந்தார், எதற்கும் கமிட்டியின் முகத்தைப் பார்ப்பார். பீடத்தின் வலதுபாதியில் அப்பத் தட்டையும் திராட்சரசப் பாத்திரத்தையும் அடுத்தடுத்து வைத்து வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவர் துணியை விலக்கியபோது தட்டு சுவருக்கு வலதுபக்கமும் பாத்திரம் இடதுபக்கமும் இருந்தன. வெளியே போய்ச் சுற்றி வந்து பார்த்தார், மறுபடியும் வலதுபக்கத்துக்கே வந்து சேர்ந்தார். ஏசுவடியான் முதல் பெஞ்சிலிருந்து, இன்னைக்கு அப்பம் மட்டும் போதும் ஐயா என்றார். மேலத்தெருக்காரர்கள் வரிசையாகப் போய் முழங்கால் போட்டு, வறண்ட அப்பத்தை வாங்கி, தொண்டையில் சிக்கியதை எச்சில் விழுங்கி இறக்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பக்கம் கீழத்தெருக்காரர்கள் பாத்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

லில்லி புஷ்பம் எழுந்திருக்கவில்லை. இவர்கள் இதையும் விழுங்கிவிட்டார்களே, கர்த்தருடைய சரீரத்தை இந்தப் பக்கமும் இரத்தத்தை அந்தப் பக்கமும் வைத்துவிட்டு ஆமென் சொல்லிவிட்டார்களே என்று அவள் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மகள் பெனிட்டா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணி மாதத்தில் கல்யாணம் என்று இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பேசியிருந்தார்கள். உங்க அப்பாவை அந்தப் பக்கம் வச்சீங்கன்னா மோதிரத்தைத் திருப்பி அனுப்பிருங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் சாப்பிட்டியாம்மா என்றும் கேட்டிருந்தார்கள்.

"அம்மா, அப்பா போயாச்சு" என்றாள் பெனிட்டா. "அவங்க எந்தப் பக்கம் படுத்தாலும் கர்த்தர்கிட்டதானே போவாங்க? நான் உயிரோட இருக்கேன். என்னைய யாரு பார்ப்பா?"

கமிட்டிக்கு முன்னால் லில்லி புஷ்பத்துக்கு வந்த வார்த்தை மகளுக்கு முன்னால் வரவில்லை. அழுது சிவந்த அந்த முகத்தைப் பார்த்தாள், ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், மனசுக்குள் புருஷனிடம் மன்னிப்புக் கேட்டாள், சரி என்று தலையை ஆட்டினாள்.

தலை நிமிர்ந்தபோது அவளுக்கு முன்னால் சுவர் நின்றது.

மகளும் ஐஸ் பெட்டியும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. அவள் இரண்டு கையாலும் சுவரைத் தடவினாள். புருஷன் கையின் மழமழப்பு, ஒரு நெளிவு இல்லை, ஒரு துளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கும் தனக்கும் நடுவே ஒரு கதவைக்கூடச் சாத்தினதில்லையே, இப்போது அவர் கட்டியதே அவரை மறைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அவள் நெற்றியை அதில் வைத்து அழுதாள். ஊர் பாதி நாளில் பழகிக்கொண்ட சுவர் அது. அவளுக்கு ஒரு நொடிகூடப் பழகவில்லை.

அந்தப் பக்கம் பெனிட்டா அப்பாவோடு தனியாக நின்றாள். சின்ன வயதில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் அப்பா, எல்லாரும் கல்லறை மேல் மெழுகுவர்த்தி வைக்க, அவர் மட்டும் சுவரின் உச்சியில் கொண்டுபோய் வைப்பார். ஏம்ப்பா அங்க வைக்கீங்க என்று கேட்டால், ரெண்டு பக்கமும் வெளிச்சம் விழும்லா என்பார். அவள் இப்போது அந்த உச்சியைப் பார்த்தாள். அதில் பழைய மெழுகு வழிந்து காய்ந்திருந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டாள். "கேக்குதாம்மா?"

"கேக்குது."

"கல்யாணம் போனாப் போவுது. நீங்க அன்னைக்குச் சொன்னதையே சொல்லுங்க."

"மாட்டேன்" என்றாள் லில்லி புஷ்பம். உரக்க இன்னொரு தடவை சொன்னாள். "இந்தப் பக்கம் வைக்க மாட்டேன்."

சுவர் போயிருந்தது. தரையில் சுண்ணாம்புப் பொடிகூட இல்லை. பெனிட்டா மோதிரத்தைக் கழற்றி அதன் சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினாள், பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு, கூச்சமே இல்லாமல், ஊருக்கே கேட்கும்படி அழுதாள்.

வெயில் தாழ்ந்ததும் லில்லி புஷ்பம் கீழத்தெருவுக்கு நடந்தாள். மாசிலாமணியின் மனைவி சாராள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்து நிற்கவில்லை.

"அக்கா" என்றாள் லில்லி புஷ்பம்.

"இன்னைக்குத்தான் அக்காவா?"

லில்லி புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். விஷயம் சாராளுக்கு முன்னமே தெரியும். ஊரில் ஐஸ் பெட்டி ஓடுகிற சத்தம் கீழத்தெரு வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மாசிலாமணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அது சாராளுக்கு என்று விட்டது.

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் சுவருக்கு மேல இருந்து மண்ணை வீசினாருல்லா" என்றாள் சாராள், கீரையைப் பார்த்தபடி. "அது குழிக்குப் போவல. என் காலடியில வந்து விழுந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு, அதைத் திருப்பி அவரு மூஞ்சியில எறிவமான்னு இருந்துச்சு. எங்க வீட்டுல காபி குடிக்க வருவாரு, எப்பவும் பின்வாசல் வழியாத்தான் வருவாரு. நல்ல மனுசன்தான், ஆனா பின்வாசல்."

அவர் வெளியே காபி குடிப்பார் என்பதே லில்லி புஷ்பத்துக்கு இப்போதுதான் தெரிந்தது. சாராள் ஆய்ந்த கீரையை அள்ளி முறத்தில் போட்டாள்.

"செத்தாவது முன்வாசல் வழியா வரட்டும்" என்று கடைசியில் சொன்னாள். "என் இடத்துல வைங்க. நான் அவங்க தலைமாட்டுல எங்கயாவது சுருண்டுக்கிடுதேன்."

திங்கட்கிழமை காலையில் மேலத்தெருவிலிருந்து சவப்பெட்டி தூக்க ஓர் ஆண்பிள்ளைகூட வரவில்லை. சாராளின் மகன்கள் வந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் மேலத்தெரு வீடொன்றின் முன்வாசலில் ஏறியது நேசகுளத்தில் அதுதான் முதல் தடவை. ஜன்னல்களில் நின்ற முகங்களில் ரத்தமே இல்லை. சுவர் நடந்தபோது காலண்டர் மாட்டினவர்கள், நாலு பேர் படியேறியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி தெருவில் போனது, பின்னால் லில்லி புஷ்பமும் பெனிட்டாவும் சாராளும் பாடிக்கொண்டு போனார்கள், கீழத்தெரு மொத்தமும் பாடிக்கொண்டு போனது, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, மேலத்தெருவும் சத்தமில்லாமல் பின்னால் வந்தது; பார்க்கத்தான் வந்தார்கள், பாடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கயிறு இருந்தது. பெட்டியைச் சுமந்தவர்கள் காலைத் தூக்கிவைத்துத் தாண்டினார்கள். லில்லி புஷ்பம் தாண்டினாள், பெனிட்டா தாண்டினாள். போதகர் கயிற்றுக்கு முன்னால் நின்று ஏசுவடியானைத் திரும்பிப் பார்த்தார், ஏசுவடியான் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு போதகர் வெள்ளை அங்கியை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்குகிறவரைப் போலத் தாண்டினார். அதைப் பார்த்ததும் கூட்டத்துக்குள்ளிருந்து கனகபாய் விலகி நடந்தாள். ஏசுவடியான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பாமல் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள், கண்ணை மூடிக்கொண்டு சிலர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிலர்.

மண் போடும் நேரம் வந்தது. ஏசுவடியான் குனிந்து ஒரு கைப்பிடி மண் அள்ளினார். தம்பியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர் அவர். சாந்து பூச முதல் கரணையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மண்ணோடு கயிறுவரை வந்தார், அங்கேயே நின்றார்.

பெனிட்டா அவரிடம் வந்தாள். "பெரியப்பா, கயிறுதான்."

"தெரியும்மா" என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கால் அசையவில்லை. அங்கே சுவர் இல்லை, தடுக்கிறவர் இல்லை, முழங்கால் உயரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கூடப்பிறந்தவன். அந்த மனிதர் தாண்ட முடியாமல் நிற்பதை ஊர் முழுவதும் பார்த்தது, தாண்டியவர்களும் பார்த்தார்கள், தாண்டாதவர்களும் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் நேசகுளம் உண்மையாகவே அதிர்ந்து போனது. வியாழக்கிழமை அதிர்ந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது. ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஆலயத்தில் இப்போது சுவர் இல்லை. தாண்டியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், அவர்கள் இருந்த பக்கத்துக்கும் மற்றப் பக்கத்துக்கும் தாராளமாக நடக்க முடிந்தது. தாண்டாதவர்களுக்குச் சுவர் அப்படியே நின்றது. ஒரே வீட்டில் ஒருவருக்கு இல்லாத சுவர் இன்னொருவருக்கு இருந்தது.

ஏசுவடியான் முன்னறையில் வந்து உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தமும், காபி கொதிக்கும் மணமும் வந்தன.

"கனகம், ஒரு வாய் காபி எட்டித் தா."

"இனிமே எட்டித் தர மாட்டேன்" என்றாள் கனகபாய். "இந்தப் பக்கம் வந்து குடிங்க."

"எப்படி வர? சுவர் நிக்குதே."

"எனக்கு நிக்கலையே."

"அப்ப எந்த வழியா வர?"

"நான் வந்த வழியாத்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து காபி ஆற்றும் சத்தம் வந்தது. ஏசுவடியான் கையைப் பார்த்தார். தம்பிக்குப் போட அள்ளிய மண் இன்னும் அதில் இருந்தது, வியர்வையில் நனைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அதைக் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. அவர் எழுந்து, மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மறு கையால் செருப்பைத் தேடினார்.